சாமி கும்பிட்ட கரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, முதல் புத்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சேலை, நல்ல சட்டை எதையும் இந்த ஷெட்டுக்குள் உடுத்திக்கொண்டு வராதீர்கள். கரிப்பொடி துவைத்தால் போகாது, துவைக்கத் துவைக்கப் பரவும். மற்ற புத்தியெல்லாம் கொஞ்சம் நிதானமாகத்தான் வரும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நான் எழுதிய வேகத்திலேயே நீங்களும் வாசித்தால் நமக்குள் தகராறு வராது.

உலையை எப்படி மூட்டுவது, ஆவியை எப்போது திறந்துவிடுவது, சல்லடையை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்கு ஆள் இருக்கிறார்கள். கூட நின்று பார்த்து, நாலு தடவை சூடுபட்டால் தானாக வந்துவிடும். எல்லாம் கெட்டுப்போய் நிற்கிற நேரத்தில் வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்று ஒரு கேள்வி வரும், அதற்குத்தான் இந்த ஷெட்டில் மீட்டர் கிடையாது. அப்படி ஒரு நேரம் எங்களுக்கு வந்த கதையைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பழைய ஷெட்டுக்கு முதல் லாரி முந்திரி ஓடு வந்து இறங்கியபோது, முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்தவள் நான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேறு என்ன வைத்திருக்கிறேன், பட்டமா பங்களாவா? அதற்கு முன்னால் நானும் இங்கே பாதிப் பெண்களும் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தோம். கொட்டையை வறுத்துத் தட்டினால் பருப்பு கடைக்குப் போகும், ஓட்டிலிருக்கிற எண்ணெய் நம் கைக்கு வரும். அந்த எண்ணெய் பட்ட தோல் கருத்து, வெந்து, உரிந்து போகும். ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். ரேகை இருந்தால்தானே தெரியும். கடைக்காரர் ஒவ்வொரு மாதமும், “வேற விரலை வைங்கம்மா, வேற விரலை வைங்கம்மா” என்பார். நான் ஒருநாள், “கால் விரலை வைக்கவா?” என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் முதலாளி இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். வளைகுடாவில் ஏதோ ஒரு எரிவாயுக் கம்பெனியில் வெயிலில் கிடந்து திரும்பியவர். ஊரில் முந்திரி ஓடு மலைமலையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். எண்ணெய் ஆட்டி எடுத்த பிறகு அந்தச் சக்கையை யாரும் சீண்டமாட்டார்கள். எரித்தால் ஊரே இருமும். அதைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை மறுபடி பழுக்கக் காய்ச்சி ஆவி விட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். ஆலைப் புகைபோக்கி வழியாக வெளியே போகிற கரியமில வாயு அந்த ஓட்டைகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இதுதான் அவர் திட்டம். ஊரில் கேட்டவர்கள், “கரியை வித்துப் புகையைப் பிடிக்கப் போறாராம்” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த வேலையில் கை வேகாது என்றார் பாருங்கள், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சேர்ந்துவிட்டேன்.

எனக்கு வாத்தியார் என்று ஒருவர் உண்டு. எங்கள் கெமிஸ்ட். கீரனூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண், அப்போது என் கடைசி மகள் வயதுகூட இருக்காது. பெயர் வேண்டாம், அது பெயரைப் போட்டால் கூச்சப்படும். ஷெட்டில் எல்லோருக்கும் அது பாப்பாதான். காலேஜ் படித்த பிள்ளை எங்களுக்கு எப்படிப் பாடம் எடுத்தது தெரியுமா? கருவாட்டை வைத்து.

சல்லடைப் பக்கம் பவுனு என்று ஒருத்தி வேலை பார்த்தாள். மீமிசலில் பிறந்து இங்கிட்டு வாக்கப்பட்டவள். பிறந்த வீட்டுக்குப் போய் வந்தால் பை நிறையக் கருவாடு வரும், பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டையும் வரும். ஒருநாள் அவள் சோற்று டப்பாவைத் திறக்க, நாலு பேர் மூக்கைப் பிடிக்க, பாப்பா எழுந்து போய் புதுக்கரி கொஞ்சம் எடுத்து ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தது. கருவாட்டுப் பையில் அதைப் போட்டு வாயைக் கட்டிவிட்டது. சாயங்காலம் பையைத் திறந்தால் உள்ளே கருவாடு இருக்கிறது, வாசத்தைக் காணோம்.

“இது என்னத்தா மாயம்?” என்றாள் பவுனு.

“மாயமெல்லாம் இல்லக்கா. ஒலையிலேருந்து வந்த கரி பசியோட இருக்கும். எது முன்னால வந்தாலும் தின்னுரும். கரியமில வாயுதான் வேணும், கருவாடு வேணாம்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. வயிறு ரொம்பிட்டா அப்புறம் எதைக் குடுத்தாலும் சீண்டாது.”

“எங்க வீட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு. டீக்கடையில வடையத் தின்னுட்டு வந்து, சோறு வேணாம்பாரு.”

அன்றிலிருந்து பவுனுக்கும் கண்டக்டருக்கும் சமாதானம். சாமான் சட்டியைப் பற்றி எங்களுக்கு விளங்கிய அளவுக்குக் கரியைப் பற்றியும் விளங்கியது அன்றைக்குத்தான்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஷெட் தொடங்கிக் கொஞ்ச காலம் வரை சின்னச் சின்ன சாம்பிள்தான் வெளியே போனது. டப்பாவில் போகும், நல்லா இருக்கிறது என்று பதில் வரும், அதோடு சரி. ஆர்டர் வராது. முதலாளி கையிலிருந்தது கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் திருச்சிப் பக்கம் ஓர் ஆலையிலிருந்து எங்கள் ஷெட்டுக்கே வந்து சோதித்துப் பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் சிம்னியில் மாட்ட ஒரு குழாய் நிறையக் கரி வேண்டுமாம். சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். சரியில்லை என்றால் முதலாளி ஷெட்டை மூடிவிட்டு மறுபடி பிளேன் ஏறுவது, நாங்கள் மறுபடி முந்திரிக்குப் போவது. இதை அவர் ஒளிக்கவில்லை. எங்களை உட்கார வைத்து நேரடியாகவே சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேகை அப்போதுதான் மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

அந்த வெள்ளோட்டத்துக்கென்றே ஒரு லாட் கரி செய்தோம். உலைக்காரன் சேவுகன் அதைப் பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டான். வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, பேக்கிங் ஹாலில் மூடி போட்ட ட்ரேக்களில் பரப்பி வைத்தோம். பாப்பா சோதித்துப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, இவ்வளவு நல்லா நம்ம இதுவரைக்கும் செஞ்சதே இல்ல” என்று சொல்லிவிட்டு, ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டது. பூஜை முடிந்து, விஜயதசமிக்கு மறுநாள் ஆலைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு.

பூஜையை எப்போதும் வெளியே உலைக்கு முன்னால்தான் போடுவோம். அன்றைக்குப் பார்த்து மழை. ஐப்பசி மழைக்கு எங்கள் முதலாளியின் தகரக் கூரை எல்லாப் பக்கமும் வழிவிட்டது. ஒழுகாத இடம் பேக்கிங் ஹால் ஒன்றுதான். சரி, சாமியை அங்கேயே கும்பிடலாம் என்று படத்தைக் கொண்டுபோய் வைத்தோம். வாழைக்கன்று கட்டி, சல்லடை, தராசு, திருப்புளி, பாப்பாவின் மீட்டர் வரைக்கும் சந்தனம் வைத்தாயிற்று. பொரி, கடலை, பழம் எல்லாம் பரப்பியாயிற்று.

பவுனு சுற்றும் முற்றும் பார்த்தாள். “ஏக்கா, எல்லாத்தையும் சாமிக்கு முன்னால வச்சாச்சு, சரக்கை மட்டும் மூடியே வச்சிருக்கோம்? மூடி வச்சதைச் சாமி எப்படிப் பாக்கும்?”

நியாயமான கேள்விதானே. கடைக்காரர் கல்லாவைத் திறந்து வைத்துக் கும்பிடுகிறார், பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைக்கிறார்கள். முதலாளியே தலையை ஆட்டினார். பவுனு குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தாள். ஒவ்வொரு ட்ரேயாகப் போய் மூடியைத் திறந்தாள். கரி கருகருவென்று மின்னியது. அதைப் பார்த்து எங்களுக்கே பக்தி வந்துவிட்டது.

அப்புறம் போட்டோம் பாருங்கள் சாம்பிராணி! ஷெட்டின் தலையெழுத்தே அந்த லாட்டில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆளாளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டோம். சூடத்தைக் கட்டி கட்டியாக ஏற்றினோம். மழைக்குக் கதவைச் சாத்தியிருந்ததால் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. சேவுகன் இருமிக்கொண்டே, “சாமி நம்மளைப் பாக்குதோ இல்லியோ, நம்ம சாமியப் பாக்க முடியல” என்றான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது முறை. சூடத்தட்டும் சாம்பிராணிக் கரண்டியும் புகைந்தபடியே இருக்க, திறந்த ட்ரேக்களை அப்படியே விட்டு, கதவைப் பூட்டிவிட்டு, பொரியை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே வந்து படத்தை எடுத்து, மூடிகளைப் போட்டு, தரையைத் துடைத்துவிட்டோம். பாப்பா உச்சிவேளைக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஆலைக்காரர்கள் வருவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று ட்ரேயிலிருந்து கரி எடுத்து அதன் சின்னக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, சிலிண்டரைத் திறந்தது. அந்தச் சோதனையை நீங்களும் பார்ப்பீர்கள், சுலபம்தான். ஒரு பக்கம் கரியமில வாயு உள்ளே போகும். கரி தின்கிற வரைக்கும் மறுபக்கத்து மீட்டரில் முள் அசையாது. வயிறு நிறைந்ததும் முள் எழுந்துவிடும்.

அன்று சிலிண்டரைத் திறந்த கையை எடுப்பதற்குள் முள் எழுந்துவிட்டது.

பாப்பா மீட்டரைத் தட்டிப் பார்த்தது. வேறு ட்ரேயிலிருந்து எடுத்துப் போட்டது. அதே கதை. மூன்றாவது ட்ரேயிலும் அதேதான். முதலாளி வந்தார். சேவுகனைக் கூப்பிட்டார்.

“ஆவி சரியா விட்டியாடா?”

“விட்டேண்ணே. பாப்பாதானே அன்னிக்கு நல்லா இருக்குன்னுச்சு?”

“அன்னிக்கு நல்லா இருந்தது இன்னிக்கு எப்படிடா கெடும்? இது என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?”

மழை ஈரம் ஏறியிருக்குமோ என்றார்கள். ஒரு ராத்திரி ஈரத்துக்கு அத்தனை ட்ரேயுமா கெடும் என்றார்கள். சிலிண்டர் மாறிவிட்டதோ என்றார்கள். அந்த இரைச்சலில் பவுனு ஒரு ஓரமாகத் தராசிலிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு தனக்குத்தானே புலம்பினாள். “இந்தக் காலத்துல எதுதான் சுத்தமா கெடைக்குது? அம்புட்டு சாம்பிராணி போட்டேன், அம்புட்டு சூடம் கொளுத்துனேன். விடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா ஒரு பொட்டு வாசம் இருக்கணுமே? எங்க வீட்டுல ஒரு கட்டி போட்டா மூணாம் நாளும் சேலையில வாசம் நிக்கும். எல்லாம் கலப்படம்.”

பாப்பா அப்படியே திரும்பியது. “அக்கா, சாம்பிராணி எங்க போட்டீங்க?”

“இங்கதான். இந்த ஹால்லதான்.”

“ட்ரே மூடி இருந்துச்சுல்ல?”

பவுனு என்னைப் பார்த்தாள். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கூரையைப் பார்த்தார்.

பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. கருவாட்டுப் பாடம் கேட்ட எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஹாலில் வாசம் ஏன் நிற்கவில்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. விடிய விடிய அத்தனை புகையையும் ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் கரி தின்று தீர்த்திருக்கிறது. அத்தனை ட்ரேயும்.

பவுனு துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் முந்திரி ஓட்டுக் குவியல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

இங்கே ஒன்று கவனியுங்கள். காரியம் கெட்ட நேரத்தில் யார் கெடுத்தது என்று தேடுவது மனதுக்குச் சுகமாக இருக்கும், ஒரு வேலை செய்கிற மாதிரியே தோன்றும். அதில் இறங்கினால் பொழுது போய்விடும். அன்று எங்களை அதிலிருந்து இழுத்தது பாப்பாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. “மறுபடி ஒலையில போட்டு ஆவி விட்டா தின்னதையெல்லாம் கக்கிரும். எவ்வளவு முடியும் சேவுகண்ணே?”

உலை பூஜைக்காக அணைந்து குளிர்ந்து கிடந்தது. மூட்டிச் சூடேற்றி, போட்டு எடுத்து, ஆறவைப்பதென்றால் இருட்டுவதற்குள் ஒரு டிரம்தான் முடியும், ராத்திரியில் உலையில் வேலை வைப்பதில்லை என்றான் சேவுகன். “போடு” என்றார் முதலாளி. அந்த டிரம்மைத் திறந்து ஆவி விட்டபோது ஒரு வாசம் வந்தது. கோயில் கர்ப்பகிரகத்துக்குள் தலையை விட்ட மாதிரி. சேவுகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் அந்தக் கரியைப் பாப்பா சோதித்தது. முள் நின்றது. நாங்கள் மூச்சுவிட்டோம். பழைய அளவுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் நல்ல கரி.

ஆக, ஒரு டிரம் நல்லது, மிச்சம் அத்தனை ட்ரேயும் கெட்டது. விடிந்தால் ஆட்கள் வருகிறார்கள்.

அப்போதுதான் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊர் முறைக்கு நான் அவருக்குச் சின்னம்மா. “சின்னம்மா, சுட்ட கரிய எல்லா ட்ரேலயும் மேலாப்ல பரப்பிருவோம். அவங்க மேலேருந்துதான் எடுப்பாங்க. ஆர்டர் கெடைக்கட்டும், அனுப்புறதுக்குள்ள மிச்சத்தையும் சுட்டுக்கலாம். நம்ம ஒண்ணும் கெட்ட சரக்க விக்கப் போறதில்லயே?”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதில் முக்கால்வாசி உண்மையும் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

“தம்பி, நான் சந்தைக்குப் போனா மாம்பழக் கூடையில எப்படி எடுப்பேன்?”

“எப்படி?”

“கையை அடி வரைக்கும் விட்டு எடுப்பேன். மேல இருக்கறது கூடைக்காரி எனக்குக் காட்டுறது. அடியில இருக்கறதுதான் பழம். வர்றவுக என்னையவிட வெவரம் கொறைஞ்சவுகளா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒங்களுக்கென்ன, நாளைக்கே முந்திரிக்குப் போயிருவீங்க. நான்ல மறுபடி பெட்டியைத் தூக்கிட்டு பாலைவனத்துக்குப் போகணும். எம் மக என்னைய மாமான்னு கூப்பிட்டா தெரியுமா, போன தடவை வந்தப்ப? அப்பான்னு அடையாளம் தெரியல அதுக்கு.”

நான் என் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினேன். “முந்திரிக்குப் போறது ஒங்களுக்கு ‘ஒங்களுக்கென்ன’வா இருக்கு. பாருங்க இத.”

அவர் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சாமி கும்பிட்டுக் கெட்டுப்போச்சுன்னு வெளியாள்கிட்ட எப்படிச் சின்னம்மா சொல்றது? சிரிக்கமாட்டான்?” என்றார். அதுதான் அவருக்கு உள்ளே இருந்த முள்.

“சிரிக்கட்டும். சிரிச்சவன் அப்புறம் ஒக்காந்து பாப்பான். அடியில கைவிட்டுக் கண்டுபிடிச்சவன் சிரிக்கமாட்டான், பஸ் ஏறிருவான்.”

சரி என்று அவர் சொல்லவில்லை. பரப்பச் சொல்லவும் இல்லை. அவ்வளவு போதும் என்று நான் வீட்டுக்குப் போனேன். மேலே இருப்பவர்கள் சில நேரம் வாயால் சம்மதிக்கமாட்டார்கள் பிள்ளைகளே, தடுக்காமல் விடுவதுதான் அவர்கள் சம்மதம். அதைத் தெரிந்துகொள்வதும் ஒரு வேலைதான்.

காலையில் ஆலை வண்டி வந்தது. பெரிய எஞ்சினியர் ஒருவர், கூட ஓர் உதவியாளர். எஞ்சினியர் அதிகம் பேசாத ஆள். டீ வேண்டாம் என்றார், நேராக ஹாலுக்குள் வந்தார், முதல் ட்ரேயின் மூடியைத் திறந்தார். நான் நினைத்த மாதிரியே அடி தட்டுகிற வரைக்கும் கையை உள்ளே விட்டார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, அது சாமி கும்பிட்ட கரி. சுட்ட கரி அங்கிட்டு டிரம்ல இருக்கு” என்றேன்.

“என்ன கரி?”

“சாமி கும்பிட்ட கரி.”

அவர் கை உள்ளேயே நின்றது. கையை எடுப்பதா, கும்பிடுவதா என்று தெரியாத மாதிரி ஒரு முகம். நான் மழையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். மூடி திறந்தது, சாம்பிராணி, சூடம், வாசம் நிற்காதது, முள் எழுந்தது, ஒரு டிரம் மட்டும் திரும்பச் சுட்டது, எதையும் விடவில்லை. உதவியாளர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. பாப்பா பக்கம் திரும்பினார்.

“ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போடுங்கம்மா. நான் பாக்கணும்.”

போட்டார்கள். சாமி கும்பிட்ட கரியில் முள் உடனே எழுந்தது. சுட்ட கரியில் அசையாமல் நின்றது. எஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அந்த ட்ரேலேருந்தே எடுத்து என் கண்ணு முன்னாடி சுடுங்க.” சேவுகன் காலையிலேயே உலையை மூட்டி வைத்திருந்தான். சுட்டான். மறுபடி சோதித்தார்கள். முள் நின்றது. அப்புறம் அவரே வண்டியிலிருந்து ஒரு துணியில் கறுப்பாகப் பிசுக்கு எடுத்துவந்தார், அவர் சிம்னியில் படிகிறதாம். “இதைப் புகைய வச்சு, அந்தப் புகையைக் கரிக்குக் காட்டிக் கெடுங்க. அப்புறம் சுடுங்க.” கெடுத்தோம், சுட்டோம். மதியச் சோற்றை மறந்து இதே வேலையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கரி எழுந்து வந்தது.

பொழுது சாய்ந்தபோது எஞ்சினியர் முதல் தடவையாக டீ கேட்டார்.

“எங்க சிம்னியில கரியமில வாயு மட்டுமா வரும்? புகை, பிசுக்கு, கண்டது கடியது எல்லாம் வரும். எந்தக் கரியும் ஒருநாள் அடைச்சுக்கும். எல்லாரும் புதுக் கரியக் கொண்டாந்து எவ்வளவு பிடிக்குதுன்னுதான் காட்டுறாங்க. அடைச்சுப் போனதை மீட்க முடியுமான்னு கேட்டா, முடியும் சார்னு வாயால சொல்லுவாங்க. கெடுத்துக் காட்டிட்டு மீட்டும் காட்டுனது நீங்கதான்.”

முதலாளி எதையோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். மூட வேண்டிய நேரத்தில் மூடத் தெரிந்ததற்காக அன்று அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பெரிய ஆர்டரெல்லாம் அன்று தரவில்லை. ஒரு குழாய்க்கு மட்டும்தான் கேட்டார். அதுவும் எல்லா ட்ரேயையும் திரும்பச் சுட்டு, அவர் ஆள் வந்து பார்த்த பிறகு. எங்களுக்கு அது போதும். அந்த ஒரு குழாய் ஓடிய ஓட்டத்தில்தான் அடுத்தது வந்தது, அடுத்ததற்கு அடுத்ததும் வந்தது, இன்று நீங்கள் நிற்கிற புது ஷெட்டும் வந்தது.

வண்டி போன பிறகு முதலாளி ஓட்டுக் குவியலுக்குப் போனார். பவுனு அன்றும் வேலைக்கு வந்திருந்தாள், ஆனால் ஹாலுக்குள் கால் வைக்கவில்லை. நாள் முழுக்க ஓட்டுக்குள் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“பவுனக்கா, நாளைக்கு எல்லா ட்ரேயையும் ஒலைக்குக் கொண்டு போகணும். ஹாலுக்கு வாங்க.”

“நான் தொடலாமாண்ணே?” பொறுக்கிய கல்லைக் கீழே போடாமலே கேட்டாள்.

“நீங்க தொட்டதாலதான் ஆர்டரு” என்று முதலாளி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்கக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. முந்தானையை உதறிச் செருகினாள். கடைசியில் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நான் என்ன சொன்னேன்? மூடி வச்சா சாமி எப்படிப் பாக்கும்னு சொன்னேனா இல்லியா? தொறந்து காட்டுனோம், பாத்துச்சு, குடுத்துச்சு.”

பாப்பா, “அப்படி இல்லக்கா, அது வந்து…” என்று தொடங்கியது. பிசுக்கு, ஆவி, ஓட்டை என்று கொஞ்ச தூரம் போனது. போகப் போக அதன் குரல் மெதுவானது. நானும் மனதுக்குள் அதை மறுக்க ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருந்தேன். பவுனு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பாப்பா முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்து நின்றாள்.